ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று

என் பெயர் சாக்ரடீஸ். பிள்ளை நிறையக் கேள்வி கேட்பான் என்ற நம்பிக்கையில் அப்பா வைத்தது. ஐம்பத்தெட்டு வயது வரை நான் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி, "கேன்டீன்ல இன்னிக்கு என்ன?" என்ற வகையைச் சேர்ந்தவை. மிச்சத்தை ஒரு பெண்ணிடம் தினமும் காலை பதினொரு மணிக்குக் கேட்டேன்.

"கூடு ஏழு, தகடு எப்படி இருக்கு?"

"தகடு தகடாத்தான் இருக்கு சார். நீங்க எப்படி இருக்கிய? சாப்டியளா?"

விதிப்படி அவள் 'தகடு சரி' என்று சொல்ல வேண்டும், நான் 'சரி' என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், தொடர்பு நாற்பது விநாடியில் முடிய வேண்டும். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகும். நான் எழுதுவது என்னவோ அதே 'சரி'தான்.

அவள் பெயர் ஜெசிந்தா. பெரியதாழைக்காரி, முப்பத்தைந்து வயது. கடலில் மீன் குறைந்து வானத்தில் குப்பை கூடிய காலம் இது. செத்த செயற்கைக்கோள்கள், உடைந்த ராக்கெட்டுகள், மரையாணிகள், பெயின்ட் சில்லுகள் எல்லாம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வலை வீசிப் பிடித்து வர ஆள் தேவைப்பட்டபோது, வலை தெரிந்தவர்களைத் தேடி எங்கள் நிறுவனம் கடற்கரைக்குப் போனது. நாற்பத்தொரு கூடுகள். ஒவ்வொன்றும் ஒரு வேன் அளவு. ஒரு கூட்டுக்கு ஓர் ஆள், ஒன்பது மாதம். ஜெசிந்தாவுக்கு அது ஆறாவது மாதம்.

கூட்டைச் சுற்றி ஓர் உலோகக் கவசம் உண்டு. தகடு என்போம். அதன் தடிமன் பதினொரு மில்லிமீட்டர். ஏன் பதினொன்று என்றால், கம்ப்யூட்டர் அது போதும் என்றது. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் என்றால், நான் சொன்னேன்.

முன்பெல்லாம் தகட்டைச் சுட்டுப் பார்ப்பார்கள். அதற்கென்று இருபது அடி நீளத்தில் ஒரு வாயுத் துப்பாக்கி இருந்தது. ஒரு குண்டு சுட ஒரு வாரம் ஆயத்தம் செய்ய வேண்டும். கணக்கிலேயே மோதிப் பார்த்துவிடலாம் என்று ஆனபின் துப்பாக்கியை வாசல் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்து, சுற்றிலும் குரோட்டன்ஸ் நட்டார்கள். ஓய்வு பெறுகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் அந்த இடம் இரண்டு வருடத்தில் காத்திருந்தது.

வீட்டில் எனக்காகக் காத்திருந்தது ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும். மனைவி மனோன்மணி பதினான்கு வருடம் முன்பே கிளம்பிப் போய்விட்டாள். "எதைச் சொன்னாலும் ஜோக் அடிச்சா நான் யார்கிட்ட பேசறது?" என்று கேட்டாள். அதற்கும் ஏதோ ஜோக் அடித்தேன். நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்கும், இப்போது நினைவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"ஜெசிந்தா, சாயங்காலம் ஒரு விருந்தாளி வர்றாரு. பழைய ராக்கெட்டோட மரையாணி. கட்டைவிரல் அளவு. விநாடிக்கு மூணு கிலோமீட்டர் வேகம். நாலு நாப்பதுக்கு உன்னைக் கடக்கணும். மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு, மோதும்."

"ஒதுங்குறதுக்கு எண்ணெய் இல்லயே சார். போன வாரம் ஒதுங்கினதுலயே தீந்துபோச்சுல்லா."

"தெரியும். ரொப்பற கப்பல் வர பத்து நாள் ஆகும். கவலைப்படாதே, கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு. தகடு தாங்கும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் காற்றாடியின் இரைச்சல் மட்டும் கேட்டது. கூட்டுக்குள் காற்றைச் சுழற்றும் சின்னக் காற்றாடி அது. ஆறு மாதமாக அவள் பேச்சுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

"போன தடவையும் தாங்கும்னுதான் சொன்னிய. பரு வந்துச்சே?"

"பரு?"

"மறந்துட்டியளா? ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு சில்லு வந்து அடிச்சுதுல்லா. மறுநா சொன்னேன், சார், சொவத்துல உள்பக்கமா பரு மாதிரி பொடச்சிருக்குன்னு. நீங்க, சந்தனம் பூசு, சரியாயிரும்னிய."

அன்றைய பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் 'சரி' என்று இருந்தது.

சில்லின் அளவு, வேகம் எல்லாம் பதிவில் இருந்தன. அந்த மோதலைக் கணக்கில் ஓட்டினேன். உட்புறம் புடைப்பு: பூஜ்யம் புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்.

"அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காதே ஜெசிந்தா. கண்ணுக்கே சரியாத் தெரியாது."

"கண்ண மூடிக்கிட்டுத் தடவினாலும் தெரியும். தூங்கப் போறப்ப தெனமும் அதத் தொட்டுட்டுத்தான் படுப்பேன். மாப்பிள்ளன்னு பேரு வச்சிருக்கேன்." சிரித்தாள். "இங்கன நம்ம பக்கமாத் திரும்பியிருக்கிறது அது ஒண்ணுதான் சார்."

எனக்கு வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதை விழுங்கியது அநேகமாக அதுவே முதல் தடவை.

"அதை அளந்து சொல்லு. வலைக்கண் அளக்கறதுக்கு ஒரு அளவுகோல் கொடுத்திருப்பாங்களே."

"எத்தன இருக்கும்னு நீங்க நெனைக்கிய?"

"நான் நினைக்கக் கூடாது. நீ அளக்கணும்."

அரை நிமிடம் காற்றாடி ஓடியது.

"மூணு புள்ளி நாலு."

"மூணா, மூணு புள்ளி நாலா?"

"நாலுதான் சார். மூணு புள்ளி நாலு."

என் கணக்கைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்ன சார், கூடிப்போச்சா?"

"ஜெசிந்தா, ஒரு உலோகம் எப்படி நடந்துக்கும்னு கம்ப்யூட்டருக்கு அஞ்சு நம்பர்ல சொல்லணும். எவ்வளவு அடி வரைக்கும் அசையாது, அது ஒண்ணு. அதுக்கு மேல அடிச்சா எப்படி முரண்டு பிடிக்கும், அதுக்கு ரெண்டு. வேகமா அடிச்சா எவ்வளவு கூடுதலா முரண்டும், அது நாலாவது. சூடானா எவ்வளவு இளகும், அது அஞ்சாவது. மோதின இடம் பயங்கரமாச் சூடாகும். அதனால அஞ்சாவது முக்கியம்."

"வேற கூட்டுல இருக்கான்லா எங்க சகாயம் அண்ணன், அவனுக்கு அந்த அஞ்சாவது மட்டும் போட்டாப் போதும். சத்தம் போட்டுட்டு, அழுதுருவான்." பிறகு, "அந்த அஞ்சுல ஒண்ணு தப்போ?" என்றாள்.

"பார்த்துட்டு வர்றேன். லைனை வெக்காதே."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கும். ஒரு புது வேலைக்கு உலோகத்தின் எண்கள் வேண்டுமென்றால் யாரும் உலோகத்தைத் தேடிப் போவதில்லை. கட்டுரையைத் தேடிப் போகிறோம். அந்தக் கட்டுரைக்காரர் இன்னொரு கட்டுரையிலிருந்து எடுத்திருப்பார். அவர் ஒரு கையேட்டிலிருந்து. பத்துப் பேர் எழுதிவிட்டால் அது உண்மை, நானூறு பேர் எழுதிவிட்டால் அது இயற்கை. எங்கள் தகட்டின் எண்களை எழுதி வைக்கும் அட்டையில் ஐந்தாவது எண் 1.03. அந்த அட்டையில் எட்டு வருடம் முன்பு கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆதாரம் என்ற இடத்தில் ஒரு வெளிநாட்டுக் கையேட்டின் பெயர் இருந்தது. கௌரவமான, கெட்டி அட்டை போட்ட கையேடு. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தேன். கையேடு ஓர் ஆய்வறிக்கையைச் சுட்டியது. அறிக்கை ஒரு கட்டுரையை. அந்தக் கட்டுரை, முப்பத்துநான்கு வருடப் பழைய ஒரு கட்டுரையை. கடைசியில் வந்து நின்ற பெயர்கள் இரண்டு. ஒருவர் என் ஆசிரியர் டாக்டர் வேதநாயகம், காலமாகிவிட்டார். இன்னொருவர் எஸ். சாக்ரடீஸ்.

எம்.டெக். முடிக்கிற வருடம். இந்த உலோகத்தில் எனக்குக் கிடைத்தவை பதினாறு துண்டுகள். பதினாலில் நான்கு எண்கள் ஒழுங்காகக் கிடைத்தன. ஐந்தாவதற்குத் துண்டைச் சூடாக்கி அடிக்க வேண்டும். முதல் துண்டிலேயே அடுப்பின் கம்பி எரிந்துபோனது. புதுக் கம்பி வர இரண்டு மாதம் ஆகும், கட்டுரை அனுப்ப நாலே நாள். தெரியாதபோது எல்லோரும் ஒன்று என்று போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று என்று போட்டால் சோம்பேறி என்று தெரிந்துவிடும். 1.03 என்று போட்டேன். அந்த மூன்றில் வியர்வை வாசனை இருந்தது. வேதநாயகம் சார் அதைத் தட்டிப் பார்த்து, "பேஷ்" என்றார்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். நாற்பத்தொரு பேர் அதற்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா சொன்ன மூன்று புள்ளி நாலு வரும்வரை ஐந்தாவது எண்ணைக் குறைத்துக்கொண்டே போனேன். 0.71இல் பொருந்தியது. அதைப் போட்டு மரையாணியை ஓட்டினேன். திரையில் தகடு முதலில் குழிந்தது, பிறகு உள்பக்கம் தட்டு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து கூட்டுக்குள் பறந்தது. அந்தப் படத்தில் ஆள் இல்லை. எங்கள் கணக்குகளில் ஆள் வரைவதில்லை.

மணி ஒன்றரை.

கூட்டில் தப்பி வர ஓர் ஓடம் உண்டு. ஆனால் பூட்டு கீழே இருக்கிறது. முதல் வருடத்தில் நான்கு பேர் எந்த ஆபத்தும் இல்லாமலேயே ஏறி வந்துவிட்டார்கள். கேட்டதற்கு, பேச ஆளில்லை என்றார்கள். அதன்பின், தகடு தாங்காது என்று கணக்கு சொன்னால்தான் பூட்டைத் திறக்கும் குறியீடு கிடைக்கும். கொடுக்க வேண்டியவர் பிரிவுத் தலைவர் சங்கமித்ரா. என்னைவிட இருபது வயது சின்னவர். பிரேம் இல்லாத கண்ணாடி, என்னைவிட நூறு மடங்கு ஒழுங்கு.

"ஒரு புடைப்பை வெச்சு அட்டையை மாத்த முடியாது சார்," என்றார்.

"நாலு மணி நாப்பதுக்கு ரெண்டாவது புடைப்பு கிடைக்கும் மேடம். அதை அளக்கத்தான் ஆள் இருக்காது."

"உங்க அக்கறை புரியுது. ஆனா மேல இருக்கிறவங்களுக்குத் தனிமை. கீழ வர எதையாவது சொல்வாங்க. போன வருஷம் ஒருத்தர் தகட்டுல எறும்பு ஊருதுன்னார். அவரோட மூணு வாரம் தினமும் நான்தான் பேசினேன். எனக்கு மட்டும் கல் மனசா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த 1.03ஐ நானூத்திப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தியிருக்காங்க. அத்தனை பேரும் தப்பா?"

"அத்தனை பேரும் ஒரே ஆளைப் பார்த்து எழுதினது மேடம். அந்த ஆள் நான். அந்த நம்பர், நானா போட்டது."

அவர் என்னைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"சார், ப்ளீஸ். இன்னிக்கு வேண்டாம்."

முப்பத்துநான்கு வருடமாக அந்தக் கட்டடத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்ததற்கு உண்டான கூலி அது. ஒருமுறை லிஃப்ட் அறுந்துவிட்டது என்று இவரையே மூன்று மாடி நடக்க வைத்திருக்கிறேன். நான் எரிந்த கம்பியைப் பற்றிச் சொன்னேன், பதினாறு துண்டுகளைப் பற்றிச் சொன்னேன், அவர் கதையின் முடிவில் வரப்போகும் ஜோக்குக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். மணி இரண்டு நாற்பது.

அவர் மேஜையிலிருந்தே ஒரு புது அட்டைப் படிவத்தை எடுத்தேன். ஐந்தாவது எண்: 0.71. பழைய எண்ணை நீக்கக் காரணம்: 'அளக்கப்படவில்லை. சோதனை நடந்ததாக நான் எழுதியது பொய்.' கையெழுத்து, தேதி, பணியாளர் எண். முடித்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

சங்கமித்ரா இரண்டு முறை படித்தார். சிரிப்பு எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

"மத்த நாப்பது கூடும் இதே தகடுதான் சார்," என்றார், மிக மெதுவாக.

"ஆமா மேடம்."

"உங்களை என்ன செய்வாங்கன்னு தெரியுமா?"

"போட்டோ எடுக்க மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. குறியீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மணி மூன்று பத்து. லைனில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வைக்கவில்லை.

"கெளம்பு ஜெசிந்தா. ஓடம் திறந்திருக்கு."

"நெசமாவா?" குரல் சின்னப் பிள்ளையினுடையது மாதிரி ஆகிவிட்டது. அடுத்த விநாடியே, "வலை நெறைய கெடக்கே சார். அஞ்சு மாசப் பாடு," என்றாள்.

"விடு."

"மாப்பிள்ளையயும் விட்டுட்டு வாரதா?"

"அவன்தான் உன்னைக் கொல்லப் பார்க்கறான்."

"எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான்." சாமான்களை உருட்டும் சத்தம் கேட்டது. "சார், நாளைக்குப் பதினோரு மணிக்கு நீங்க யார்கூடப் பேசுவிய?"

"கேன்டீன்ல கேட்டுப் பார்க்கறேன். போ."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஓடம் பிரிந்தது. ஆளில்லாத கூட்டின் மைக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. காற்றாடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு நாற்பது ஆயிற்று. பதினேழு விநாடி ஆயிற்று. ஒரு தட்டல், டம்ளர் கீழே விழுந்த மாதிரி. பிறகு காற்றாடியின் சத்தம் தேய்ந்துகொண்டே போய், ஒன்பது விநாடியில் இல்லாமல் போனது. காற்றாடி நிற்கவில்லை, திரையில் அது சுற்றுவதாகத்தான் காட்டியது. சத்தத்தைச் சுமந்து வரக் காற்றுதான் இல்லை.

அவ்வளவு சுத்தமான அமைதியை அதற்கு முன் என் வீட்டில்கூட நான் கேட்டதில்லை.

அந்த வாரத்துக்குள் மற்ற நாற்பது பேரும் இறங்கிவிட்டார்கள். விசாரணை நடந்தது. என்னைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். மேலும் கீழும் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவித்தார்கள், பாவம். நாற்பத்தொரு பேரை ஆபத்தில் வைத்தவனும் காப்பாற்றியவனும் ஒரே ஆளாக இருந்தால் எந்தப் படிவத்தில் எழுதுவது? 0.71 மட்டும் யோசனையே இல்லாமல் ஏற்கப்பட்டது. மூன்று மாதத்தில் அதை வைத்துப் பதினாறு மில்லிமீட்டர் தகடு வரைந்தார்கள். அட்டையில் 'ஆதாரம்: கூடு ஏழு, நேரடி அளவீடு' என்று அச்சிட்டார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு புதுக் கட்டுரையில் அது 0.712 ஆகியிருந்தது. அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். யாரோ ஒரு பையனின் அடுப்பும் எரிந்துபோயிருக்க வேண்டும்.

பதிவேட்டு அறையில் பதினொரு மணிக்கு ஒன்றும் நடக்காது. ஒரு நாள் அந்நேரம் போன் அடித்தது.

"கூடு ஏழு பேசுதேன்."

பின்னால் கடல் இரைந்தது. நடக்கப் பழக ஒரு மாதம் ஆனதாம், மீன் குழம்பு ருசி தெரிய இரண்டு மாதம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"சார், புதுத் தகட்டுக்கு என் அளவுதான் போட்டிருக்காவளாமே. சகாயம் அண்ணன் சொன்னான். திரும்பி மேல போறதுக்கு அவனும் பேரு குடுத்திருக்கான்."

"ஆமா. நீ இப்போ பெரிய ஆளு."

"நான் அளக்கல சார்."

கடல் ஒருமுறை வந்து திரும்பிப் போனது.

"அளவுகோல் வலையோட வெளிய கெடந்துச்சு. விரலால தடவிப் பாத்தேன். முந்தி இருந்ததவிட அந்த எடம் மெலிஞ்சு, பப்பாளித் தோலு மாதிரி இருந்துச்சு. அழுத்தினா அமுங்கிருமோன்னு பயம். அதச் சொன்னா நீங்க எழுதுவியளா? நம்பர் கேட்டிய. குடுத்தேன்."

"ஏன் மூணு புள்ளி நாலு?"

"மூணுன்னா, சும்மா சொன்ன மாதிரி இருக்கும்லா."

நான் சிரித்தேனா அழுதேனா என்று அளந்து சொல்ல யாரும் அந்த அறையில் இல்லை. பிறகு கேட்டேன். "கீழே வரணும்ங்கற ஆசையும் இருந்துதா, ஜெசிந்தா?"

"இருந்துச்சு. பயமும் இருந்துச்சு. எது எத்தனன்னு கேக்காதிய."

போனைப் பிடித்தபடியே ஒரு படிவத்தை எடுத்தேன். அந்த வருடத்தில் என் இரண்டாவது ஒப்புதல் வாக்குமூலம். ஐந்தாவது எண்: அந்த இடத்தைக் காலியாக விட்டேன். ஆதாரம்: 'இல்லை. தயவுசெய்து சுட்டுப் பார்க்கவும்.' எழுதிக்கொண்டே அவளுக்குப் படித்தும் காட்டினேன். ஜன்னல் வழியே தோட்டத்துத் துப்பாக்கி தெரிந்தது. குழலுக்குள் மைனா கூடு கட்டியிருந்தது. சங்கமித்ராவை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனால் இந்த முறை நம்பிவிடுவார்.

"அப்ப அண்ணன் போறது தள்ளிப்போகும்," என்றாள் ஜெசிந்தா.

"போகும்."

"நல்லது. ஏசுவான். ஏசட்டும்."

பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு பேரும் வைக்கவில்லை. எனக்குப் பழைய கேள்வி ஒன்றுதான் தெரியும்.

"கூடு ஏழு, தகடு எப்படி இருக்கு?"

"ஓட்டு வீடு சார். மழைக்கு ஒழுகுது."

"எவ்வளவு? மில்லிமீட்டர்ல சொல்லு."

"நீங்களே ஒரு நம்பரப் போட்டுக்கிடுங்க."